‘வெறும் கரிதானே?’: கார்பன் நானோகுழாய்ப் பொடியும் நுரையீரலும்

கேள்வி இது. பேட்டரி மின்முனை பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி, பல்சுவர் கார்பன் நானோகுழாய்ப் பொடியை (கார்பன் அணுத் தாள்கள் பல அடுக்காகச் சுருண்ட, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் அவை) திறந்த மேசையில் வைத்து அடிக்கடி எடை போடுகிறார். முகத்தில் சர்ஜிக்கல் மாஸ்க் மட்டும். தராசுத் தட்டிலும் கையுறையிலும் கோட்டின் கைப்பகுதியிலும் கருப்பாகப் படிகிறது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போல இதுவும் புற்றுநோய் தரும் என்று எங்கோ படித்துப் பயந்துபோய் சீனியரிடம் கேட்டிருக்கிறார். “வெறும் கரிதானே” என்று பதில் வந்திருக்கிறது. இதுவரை மூச்சில் போனதற்கு என்ன ஆகும், இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் மில்லிகிராம் கணக்கில் எடை போட்டதால் உங்களுக்கு நோய் வந்துவிடும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இரவில் தூங்காமல் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பொடியை இனி ஒரு முறைகூட திறந்த மேசையில் எடை போடாதீர்கள். உங்கள் சீனியரின் பதில் தவறு. எங்கே தவறு என்பது புரிந்துவிட்டால், நானோ பொருள்களில் எதற்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேதியியல்படி அவர் சொன்னது சரிதான். நானோகுழாய், பென்சிலில் இருக்கும் கிராஃபைட், அடுப்புக் கரி எல்லாமே கார்பன். ஆனால் நுரையீரலுக்கு வேதிப் பெயர் மட்டும் முக்கியமில்லை. கல்நாரும் சிலிக்கான், ஆக்சிஜன், மெக்னீசியம், இரும்பு என்று சாதாரணத் தனிமங்களால் ஆன ஒரு கனிமம்தான். உள்ளே போன துகள் எவ்வளவு சிறியது, என்ன வடிவம், கரையுமா கரையாதா, மேற்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது, எவ்வளவு போனது என்பதை வைத்துத்தான் நுரையீரல் எதிர்வினை காட்டும்.

அளவை முதலில் பார்ப்போம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமீட்டர் அந்த மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அதைவிடச் சிறியது மூச்சுக் குழாய்களில் படிந்தால், அங்குள்ள சளியும் நுண்மயிர்களும் அதை மேலே தள்ளிக் கொண்டுவந்துவிடும். சிக்கல் கடைசி நிலையில். காற்று நுண்ணறைகளில் நுண்மயிர் கிடையாது. வாயு உள்ளே வெளியே போக வேண்டிய இடம் என்பதால் அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான சுவர்தான். சிறிய துகள் என்றால் மூச்சை விடும்போது வெளியே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். 300 நானோமீட்டர் அளவுத் துகளுக்கு அது ஓரளவு உண்மை, பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. ஆனால் 20 நானோமீட்டருக்கு இறங்கினால் நிலைமை தலைகீழாகிறது. காற்று மூலக்கூறுகள் மோதி மோதி அத்துகள்கள் அலைபாய்ந்து சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே போனதில் ஏறக்குறைய பாதி நுண்ணறைகளிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தது மேற்பரப்பு. ஒரு மைக்ரான் துகளைப் பத்து நானோமீட்டர் துகள்களாக உடைத்தால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். எடை மாறாது, ஆனால் மொத்த மேற்பரப்பு நூறு மடங்காகும். செல்களோடு உரசுவது மேற்பரப்புதான். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓபர்டோஸ்டரும் ஃபெரினும் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை பெயிண்டில் போடும் அதே பொடி. 20 நானோமீட்டர் துகளை ஒரு குழுவுக்கும், 250 நானோமீட்டர் துகளை மற்றொரு குழுவுக்கும் கொடுத்தபோது, சிறிய துகள் நுரையீரலில் அதிக அழற்சியை உண்டாக்கியது, அதிக நாள் தங்கியது. எடைக்குப் பதில் மேற்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு குழுக்களின் முடிவுகளும் ஒரே கோட்டில் வந்து விழுந்தன. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-ல் இந்தப் பொடிக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்ததற்கு இப்படிப்பட்ட சான்றுகள்தான் காரணம். சாதாரணப் பொடிக்குக் கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், நானோ அளவுப் பொடிக்கு 0.3 மில்லிகிராம். பொருள் ஒன்றே, வரம்பு எட்டில் ஒரு பங்கு.

ஆனாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என் கவலைப் பட்டியலில் மேலே இல்லை. எலிகளுக்குக் கட்டி வந்தது மிக அதிக அளவில் கொடுத்தபோது. அப்போது எலியின் நுரையீரல் துப்புரவு வேலையே நின்றுபோகிறது. அதே துகளைச் சுண்டெலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் கொடுத்தபோது கட்டி வரவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளும் தெளிவான தொடர்பைக் காட்டவில்லை. இடையே இன்னொன்று: சன்ஸ்கிரீன் க்ரீமில் இருக்கும் நானோ துகளைப் பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். க்ரீம் மூச்சில் போகாது. அதையே ஸ்ப்ரேயாகவோ பவுடராகவோ வாங்கினால்தான் யோசிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய அழகுசாதன விதிகளும் மூச்சில் போகக்கூடிய பயன்பாட்டைத்தான் தடுக்கின்றன.

இப்போது உங்கள் நானோகுழாய்க்கு வருவோம். இங்கே முடிவு செய்வது வடிவம்.

நுண்ணறையில் விழுந்த குப்பையை அகற்றுவது மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல். துகளைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்து, செரிக்க முடிந்தால் செரித்து, முடியாவிட்டால் சுமந்துகொண்டு வெளியேறும். இந்தச் செல்லின் அகலமே சுமார் 20 மைக்ரான்தான். அதைவிட நீளமான, வளையாத, கரையாத இழை ஒன்று வந்தால் அதனால் முழுதாக விழுங்க முடியாது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று மாட்டிக்கொள்ளும். செல்லின் வாய் மூடாததால் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆக்சிஜன் நச்சுகளும் நொதிகளும் வெளியே கசிந்து பக்கத்துத் திசுவைத் தாக்கும். அழற்சிச் சமிக்ஞைகள் கிளம்பும், இன்னும் பல மேக்ரோபேஜ்கள் வரும், அவையும் அதே இழையில் மாட்டும். இழை கரையாதவரை இது ஓயாது. கல்நார் செய்வது இதைத்தான். நீளம், மெல்லிய விட்டம், உடலில் கரையாமல் நிலைத்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு இழை கல்நார் போல் நடந்துகொள்ளும் என்பது நார்த்துகள் நச்சியலில் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வந்த கருத்து.

பல்சுவர் நானோகுழாய்களில் சில வகைகளுக்கு இந்த மூன்று குணமும் உண்டு. 2008-ல் எடின்பரோவில் கென் டொனால்ட்சனின் குழு இதை நேரடியாகச் சோதித்தது. சுண்டெலிகளின் வயிற்றறை உறை நுரையீரல் உறையைப் போன்றதே என்பதால் நானோகுழாய்களை அங்கே செலுத்திப் பார்த்தார்கள். நீளமான, நேரான குழாய்கள் நீளமான பழுப்புக் கல்நார் செய்ததையே செய்தன: அழற்சி, கிரானுலோமா எனும் முடிச்சுகள். குட்டையான குழாய்களும், நூல்கண்டு போல் சிக்குண்டு சுருண்டு கிடந்த குழாய்களும் அப்படிச் செய்யவில்லை. எல்லாமே கார்பன்தான், வடிவம் மட்டும்தான் வேறு. “வெறும் கரிதானே” என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியாது.

அதே ஆண்டு ஜப்பானில், புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் வயிற்றறையில் மிட்சுயி-7 என்ற நீளமான, விறைப்பான பல்சுவர் குழாயைச் செலுத்தியபோது மீசோதீலியோமா வந்தது. கல்நாரோடு சேர்த்தே பேசப்படும் உறைப் புற்றுநோய் அது. ஊசி போட்டுச் செலுத்துவதும் மூச்சில் போவதும் ஒன்றா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. ஜப்பான் ஆய்வாளர்களே அதற்கும் பதில் தேடினார்கள். எலிகளை இரண்டு ஆண்டுகள் அதே மிட்சுயி-7 கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராமும் அதற்கு மேலும் சுவாசித்த ஆண் எலிகளிலும், 2 மில்லிகிராம் சுவாசித்த பெண் எலிகளிலும் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அந்த ஆய்வில் நுரையீரல் உறையில் மீசோதீலியோமா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், பயமுறுத்துபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2014-ல் கூடியபோது, மிட்சுயி-7 வகையை மட்டும் 2பி பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்பது அதன் பொருள். மற்ற பல்சுவர் குழாய்களையும் ஒற்றைச்சுவர்க் குழாய்களையும் மூன்றாம் பிரிவில் போட்டது. மூன்றாம் பிரிவு என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. வகைப்படுத்தும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் அர்த்தம். இந்த வேறுபாட்டை விற்பனையாளர்களின் பாதுகாப்புத் தகவல் தாள்களில் மழுப்பிவிடுவார்கள், கவனமாகப் படியுங்கள்.

நீளம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள், இடையே கொஞ்சம் திரவம். அந்தத் திரவம் மார்புச்சுவர்ப் பக்கத்து உறையில் உள்ள சில மைக்ரான் அகலத் துளைகள் வழியே நிணநீருக்கு வடிகிறது. குட்டையான துகள்கள் அதோடு போய்விடும். நீளமானவை துளை வாயில் சிக்கிக் குவியும். மீசோதீலியோமா பெரும்பாலும் அந்தப் பக்கத்து உறையில்தான் தொடங்குகிறது. சுண்டெலிகளில், மூச்சில் போன நானோகுழாய்கள் நுரையீரலின் வெளி விளிம்பு வரை வந்து சேர்வதை 2009-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

எல்லாரும் புற்றுநோயைப் பற்றியே கேட்கிறார்கள். என் கவலை முதலில் ஃபைப்ரோசிஸ். அழற்சி ஓயாத இடத்தில் உடல் தழும்புத் திசுவை நெய்யத் தொடங்கும். பஞ்சு போல விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகும், சுவர் தடித்து ஆக்சிஜன் உள்ளே போவது குறையும். விலங்குச் சோதனைகளில் நானோகுழாய் கொடுத்தால் வாரக் கணக்கிலேயே தழும்பு தெரிகிறது, நீளமான வகைகளில் மட்டுமல்ல. தயாரிப்பில் வினையூக்கியாகப் போட்டு மிச்சமாகத் தங்கும் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவையும் சேதத்தைக் கூட்டக்கூடும். நியோஷ் 2013-ல் பரிந்துரைத்த வரம்பும் இந்த அழற்சி, தழும்பு ஆகியவற்றின் அடிப்படையில் வந்ததுதான்: எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம்.

அந்த எண்ணை உங்கள் அறைக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று. காற்றோட்டம் இல்லாவிட்டால், வெறும் 30 மைக்ரோகிராம் பொடி காற்றில் பரவினாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஒரு மில்லிகிராமின் 33-ல் ஒரு பங்கு அது. உங்கள் தராசு நான்கு தசம இலக்கம் காட்டும் வகை என்றால் அதன் கண்ணுக்கே தெரியாத அளவு. ஒப்பிடுவதற்கு, டயரிலும் மையிலும் போடும் சாதாரண கார்பன் பிளாக் கரிப்பொடிக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு 3.5 மில்லிகிராம், அதாவது 3,500 மடங்கு அதிகம். நானோகுழாய் பாட்டிலோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள். கிராஃபைட்டுக்கோ கார்பன் பிளாக்குக்கோ உள்ள வரம்பை அப்படியே போட்டிருந்தால் அந்தத் தாளை நம்பாதீர்கள். ஆரம்ப காலத்தில் பல தாள்கள் அப்படித்தான் வந்தன. “வெறும் கரிதானே” என்ற பேச்சு பரவியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. இந்தியச் சட்டத்தில் நானோகுழாய்க்கென்று தனிக் காற்று வரம்பு கிடையாது, அதனால் “சட்டம் எதுவும் சொல்லவில்லையே” என்பதையும் ஒரு பதிலாக ஏற்காதீர்கள்.

சரி, மனிதர்களிடம் என்ன தெரிந்திருக்கிறது? நானோகுழாயால் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்று உறுதி செய்யப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை. நானோகுழாய்த் தொழிலாளர்களின் ரத்தத்திலும் சளியிலும் அழற்சி, தழும்பு ஆகியவற்றின் அறிகுறிப் புரதங்கள் சற்று கூடியிருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அது நோய் அல்ல, ஆனால் அலட்சியம் செய்ய வேண்டியதும் அல்ல. புற்றுநோய்ச் சான்று இல்லாததை வைத்து நிம்மதி அடைவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் சகாக்களும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் அந்தத் தொடர்பு உலகத்துக்கு உறைத்தது. அதற்குள் பல பத்தாண்டுகளாகக் கல்நார் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. அந்த நோய் தலைகாட்ட 30, 40 ஆண்டுகள் ஆகும். ஜப்பானிய இயற்பியலாளர் இஜிமா நானோகுழாய்களைப் பற்றி எழுதி உலகக் கவனத்துக்குக் கொண்டுவந்தது 1991-ல். டன் கணக்கில் தயாரிப்பு தொடங்கியது இந்த நூற்றாண்டில். மனிதச் சான்று வரட்டும் என்று காத்திருப்பது, இப்போது எடை போட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களையே சோதனைக்குட்படுத்துவது. அதை ஒரு ஆசிரியரும் செய்யக் கூடாது.

வேறு நானோ துகள்களால் மனிதர்கள் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது 2014-ல் வெளியான ஒன்று. 26 வயது வேதியியலாளர் ஒருவர் நிக்கல் நானோ பொடியைச் சில கிராம் அளவில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், திறந்த மேசையில் எடை போட்டுக் கையாண்டார். தொண்டை எரிச்சல், மூக்கடைப்பு, முகம் சிவத்தல், தோல் ஒவ்வாமை என்று தொடங்கி, நிக்கலுக்கு அவர் உடல் கூருணர்வு அடைந்துவிட்டது. கடைசியில் அந்தப் பொடி கையாளப்பட்ட கட்டடத்திலேயே வேலை செய்ய முடியாத நிலை. அதற்கு முன் 2010-ல் பதிவானது இன்னும் கொடியது. மின்வில் முறையில் உலோகப் பரப்பில் நிக்கலைத் தெளித்த 38 வயதுத் தொழிலாளி 13-ஆம் நாள் மூச்சுத் திணறலில் இறந்தார். அவருடைய நுரையீரல் மேக்ரோபேஜ்களுக்குள் 25 நானோமீட்டருக்கும் குறைவான நிக்கல் துகள்கள் இருந்தன.

2009-ல் சீனாவிலிருந்து வந்த அறிக்கையை நிறைய பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். பாலிஅக்ரிலேட் பூச்சைத் தெளிக்கும் பட்டறையில் வேலை செய்த ஏழு பெண்களுக்கு நுரையீரல் உறையில் நீர் கோத்து, தழும்பும் முடிச்சுகளும் உண்டாயின. இருவர் இறந்தார்கள். அவர்களின் திசுக்களில் சுமார் 30 நானோமீட்டர் துகள்கள் காணப்பட்டன. ஆனால் அதைப் படிக்கும்போது அந்தப் பட்டறை எப்படி இருந்தது என்பதையும் படிக்க வேண்டும். காற்று இழுக்கும் கருவி பழுதாகி மாதக் கணக்கில் அப்படியே கிடந்தது, குளிருக்காகக் கதவை மூடி வைத்திருந்தார்கள், எப்போதாவதுதான் துணி மாஸ்க் கட்டினார்கள். காற்றில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அதனால் நானோ துகளை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்று விமர்சனம் எழுந்தது, அது நியாயமான விமர்சனம். ஆனால் மூடிய அறையில் காற்றோட்டம் இல்லாமல் தெளித்தால் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கத் தேவையில்லை.

நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2006-ல் ஜெர்மனியில் ‘மேஜிக் நானோ’ என்ற, குளியலறையிலும் கண்ணாடியிலும் அடிக்கும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்திய சுமார் நூறு பேருக்கு மூச்சுத் தொல்லை வந்தது, சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. பொருளைத் திரும்பப் பெற்றார்கள். பரிசோதித்தபோது அதில் நானோ துகளே இல்லை. ஏரோசாலாக மூச்சுக்குள் போனதே தீங்கானது. நானோ என்று ஒட்டியிருப்பதெல்லாம் நானோ அல்ல. அந்தப் பெயரே இல்லாத வெல்டிங் புகையும் டீசல் புகையும் நானோ துகள்கள் நிறைந்தவை, அவை இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதி செய்யப்பட்ட, புற்றுநோய் முகமையின் முதல் பிரிவில் உள்ளன. துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தகட்டை வெல்டிங் செய்துவிட்டு இரவில் காய்ச்சலும் குளிருமாகக் கிடக்கும் தொழிலாளி, துத்தநாக ஆக்சைடு நானோ துகளைத்தான் சுவாசித்திருக்கிறார்.

துகள் நுரையீரலோடு நின்றுவிடுமா என்றும் சிலர் கேட்பார்கள். நின்றுவிடுவதில்லை. எடின்பரோவில் தன்னார்வலர்களை ஆபத்தில்லாத தங்க நானோ துகளைச் சுவாசிக்க வைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளுக்குள் ரத்தத்தில் தங்கம் தெரிந்தது, மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் இருந்தது. மிகச் சிறிய துகள்களே அதிகம் கடந்தன. நானோகுழாய்களில் மிகப் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்குவதால் உங்கள் விஷயத்தில் அது இரண்டாம்பட்சம்.

நானோகுழாய் இருக்கும் எந்தப் பொருளைக் கண்டும் பயப்பட வேண்டுமா என்றால், இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவை அந்தப் பூச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டைக் கையில் எடுப்பவரின் நுரையீரலுக்கு எந்த ஆபத்தும் இல்லை. டென்னிஸ் மட்டை, பேட்டரிக்குள் இருக்கும் மின்முனை ஆகியவையும் அப்படியே. அறுத்தாலோ தேய்த்தாலோ துளை போட்டாலோதான் தூசி கிளம்பும். அப்போதும் பெரும்பாலும் பிசினோடு ஒட்டிய துணுக்குகளாகவே வரும். நம் வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதே கணக்குதான், உடையாமல் இருக்கும் ஷீட்டைவிட அதை அறுக்கும் நேரம்தான் அபாயம். உங்கள் கையில் இருப்பதோ கட்டுண்ட நிலையில் அல்ல. உலர்ந்த, தளர்வான, நிலைமின்னேற்றத்தால் ஸ்பாட்டுலாவிலிருந்து தானே துள்ளும் பொடி. நானோ வேலையிலேயே மோசமான கட்டம் அதுதான்.

ஆகவே, முதல் கேள்வி: உலர்ந்த பொடி உங்களுக்குத் தேவையா? பேட்டரி வேலைக்கு நானோகுழாய்களைத் திரவத்தில் ஏற்கெனவே கலந்த பசையாகவே வாங்கலாம், தொழிற்சாலைகள் அப்படித்தான் வாங்குகின்றன. பொடி பறக்கும் கட்டமே இல்லாமல் போய்விடும். ஒரு எச்சரிக்கை. அந்தப் பசை பெரும்பாலும் என்எம்பி எனும் கரைப்பானில் வரும். அது கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டது, தோல் வழியாகவும் உள்ளே போகும். சாதாரண நைட்ரைல் கையுறை அதை அதிக நேரம் தாங்காது, பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். தண்ணீரில் கலந்த பசை உங்கள் வேலைக்குப் பொருந்துமானால் அதையே கேளுங்கள். முடிந்தால் நீளம் குறைந்த, சுருண்ட வகையைத் தேர்ந்தெடுங்கள். நேரான நீளக் குழாய்தான் வேண்டும் என்று ஆராய்ச்சி கேட்டால் மட்டும் அதைத் தொடுங்கள்.

பொடியேதான் வேண்டும் என்றால், வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்யக் கையுறை பொருத்திய மூடிய பெட்டியான கிளவ் பாக்ஸ் மிகச் சிறந்தது. பேட்டரி ஆய்வகம் என்பதால் உங்களிடம் ஒன்று இருக்கக்கூடும். ஆனால் ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ் உள்ளழுத்தம் கூடுதலாக இயங்குவது, கசிந்தால் வெளியே கசியும். அதன் சுழற்சிக் குழாயில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஹெப்பா ஃபில்டர் பொருத்திய எடைபோடும் பெட்டி. அதுவும் இல்லையென்றால் ஃப்யூம் ஹூட், அதாவது உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றும் ஆய்வக அலமாரி. காற்று வேகமாக இழுக்கும் ஹூட்டே நல்லது என்று நினைக்காதீர்கள். அதிவேகத்தில் உள்ளே சுழல் உண்டாகிப் பொடி மூஞ்சிப் பக்கமே திரும்பி வரும். நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை போதும், கண்ணாடிக் கதவைக் கீழே இறக்கி வைத்து, கையை மெதுவாக அசைத்து வேலை செய்யுங்கள்.

எடை போடும் முறையிலேயே பாதி ஆபத்தைக் குறைக்கலாம். மூடியோடு காலி பாட்டிலைத் தராசில் எடை பாருங்கள். ஹூட்டுக்குள் கொண்டுபோய்ப் பொடியைப் போட்டு மூடி, வெளியே வந்து மறுபடி எடை பாருங்கள். துல்லியமாக 20 மில்லிகிராம்தான் வேண்டும் என்று அள்ளி அள்ளிக் கொட்டாமல், விழுந்தது 22 என்றால் கரைப்பானின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எடைக் கிண்ணம் மின்னேற்றம் பிடிக்கும், அலுமினியத் தாளில் மடித்த கிண்ணம் மேல். மீயொலியால் திரவத்தைக் கலக்கும் சோனிகேட்டரை மறக்காதீர்கள். திரவத்தில் கலந்துவிட்டோமே என்று திறந்த பீக்கரில் சோனிகேட் செய்தால் நுண்துளிகளோடு நானோகுழாயும் காற்றில் வரும். மூடி வைத்து, ஹூட்டுக்குள் செய்யுங்கள்.

மாஸ்க் கடைசி. சர்ஜிக்கல் மாஸ்க் இதற்கு உதவாது, ஓரங்களில் காற்று தாராளமாகப் போய்வரும். என்-95 நானோ துகளைத் தடுக்காது என்ற பேச்சு தவறு. மிகச் சிறிய துகள்கள் அலைபாயும் குணத்தால் ஃபில்டர் இழைகளில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, மிகக் கடினமாகப் பிடிபடும் அளவிலேயே அது சுமார் 95 சதவீதத்தைத் தடுக்கும். தோற்பது முகத்துக்கும் மாஸ்க்குக்கும் இடையிலான இடைவெளியில்தான். பொருத்தச் சோதனை செய்து போடுங்கள். பொடி சிந்திய இடத்தைச் சுத்தம் செய்யவோ அவசரத்துக்கோ பி100 ஃபில்டர் பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க் நல்லது. தாடி வைத்தவர்களுக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது.

சுத்தம் செய்வதில் ஒரே விதி: உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். துடைப்பம் வேண்டாம், காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போட்டு, நானோகுழாய்க் கழிவு என்று எழுதி வையுங்கள். அந்தக் கருத்த கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மற்ற துணிகளோடு துவைக்காதீர்கள். கல்நார்த் தொழிலாளர்களின் துணியைத் துவைத்த மனைவிகளுக்கும் உடனிருந்த பிள்ளைகளுக்கும் மீசோதீலியோமா வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவான விஷயம். கோட் ஆய்வகத்திலேயே இருக்கட்டும்.

இதுவரை சுவாசித்ததற்கு இப்போது செய்ய வேண்டிய சிகிச்சை எதுவும் இல்லை. வெல்லம் சாப்பிட்டால், பால் குடித்தால் தூசி இறங்கிவிடும் என்பார்கள், உணவுக் குழாயில் போவது நுண்ணறைக்குப் போகாது. நுரையீரல் தானே மெதுவாக ஒரு பகுதியை வெளியேற்றும், சில நொதிகள் நானோகுழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கவும் செய்கின்றன. ஒரு மார்பு எக்ஸ்ரேயும், ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் தேடுவதற்காக அல்ல, பிற்காலத்தில் ஒப்பிட அடிப்படை அளவு வேண்டும் என்பதற்காக. நானோகுழாய்ப் பணியாளர்களுக்கு நியோஷும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் இந்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். தொடர் வறட்டு இருமலோ படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவதோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வகத்தில் புகைப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் இதைக் காட்டுங்கள்: கல்நாரும் புகையும் சேர்ந்தபோது நுரையீரல் புற்றுநோய் அபாயம் இரண்டின் கூட்டுத்தொகையையும் தாண்டிப் போனது.

நாளை உங்கள் வழிகாட்டியிடம் போகும்போது பயத்தைச் சொல்ல வேண்டாம், மூன்று விஷயம் கேளுங்கள். இந்தக் குழாயின் நீளமும் விட்டமும் என்ன, மிச்ச உலோகம் எத்தனை சதவீதம், எடை போட ஹெப்பா பெட்டி எங்கே வைக்கலாம். முதல் இரண்டுக்கும் பதில் தயாரிப்பாளரிடம் இருக்கும். அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். தயாரிப்பாளர் பெயர், லாட் எண், தேதி, எத்தனை மில்லிகிராம், எங்கே எப்படி எடை போட்டது, என்ன மாஸ்க் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி. ஏற்கெனவே செய்தவற்றையும் நினைவிருக்கும் வரை எழுதுங்கள். கல்நார்த் தொழிலாளர்கள் பலர் முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் போனபோது, எதைச் சுவாசித்தார்கள், எவ்வளவு என்று காட்ட அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. ஆய்வகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும், படிப்பு முடிந்து போகும்போது இன்னொன்றை நீங்கள் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.